யார் ஜாமீன் நிற்பது?

எங்கள் தெருப் பையன் ஒருவன் கைதாகிச் சிறைக்குப் போனபோது அவன் வீட்டுக்கு வந்து ஆறுதல் சொன்னவர்கள் நிறையப் பேர். அரிசி கொடுத்தார்கள். வக்கீல் செலவுக்கு ஐந்நூறும் ஆயிரமுமாகத் திரட்டித் தந்தார்கள். பாடலீஸ்வரர் கோயிலில் அவன் பெயருக்கு அர்ச்சனைகூடச் செய்தார்கள். ஜாமீன் உத்தரவு வந்தது. இரண்டு பேர் நீதிமன்றத்துக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று தெரிந்ததும் தெருவே வாயடைத்துப்போனது. ஒருவருக்கு வீடு மருமகள் பெயரில் இருந்தது. இன்னொருவரின் மகன் அரசுத் தேர்வு எழுதிக்கொண்டிருந்தான், வழக்கு கிழக்கு என்று வந்தால் அவன் வேலைக்கு ஆபத்தாம். ஒருவர் ரேஷன் கார்டைத் திருத்தத்துக்குக் கொடுத்திருப்பதாகச் சொன்னார்.

வெளியே போகலாம் என்று நீதிமன்றம் சொன்ன பிறகும் அந்தப் பையன் கடலூர் கேப்பர் மலைச் சிறைக்குள்ளேயே கிடந்தான். சிறையில் இருப்பவருக்கு வெளியில் இருப்பவர் செய்யக்கூடிய உதவிகளில் இந்தக் கையெழுத்தைவிடப் பெரியது எதுவும் இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். பழமும் பிஸ்கட்டும் வாங்கிப் போகத் தயங்காத நல்ல மனிதர்கள் இங்கே வந்து பின்வாங்குகிறார்கள். அவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

அவன் பெயரை எழுதப் போவதில்லை. வழக்கு நடக்கிறது, நாளைக்கு அவன் நான்கு இடங்களில் வேலை கேட்டுப் போக வேண்டியவன். எங்கள் வீடு வண்டிப்பாளையத்தில். பள்ளியில் என்னிடம் படித்தவன் என்பதால் அவனைச் சிறு வயதிலிருந்தே தெரியும். தகப்பனார் இல்லை. அம்மா கோயில் பக்கம் பூக்கட்டி விற்பவர். பையன் ஒரு சரக்கு வாகனத்துக்கு ஓட்டுநராகப் போய்க்கொண்டிருந்தான்.

கடலூர்க்காரர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. தென்பெண்ணையைத் தாண்டிச் சற்றுத் தூரம் போனால் புதுச்சேரி எல்லை வந்துவிடுகிறது. அங்கே மதுவுக்கு வரி குறைவு, ஆகவே விலையும் குறைவு. பாட்டில்களை இந்தப் பக்கம் கொண்டுவந்து விற்பது ஒரு தொழிலாகவே நடக்கிறது. ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்திக் காய்கறிக் கூடைகளைத் தூக்கிப் பார்த்தபோது அடியில் பெட்டிகள் இருந்தன. பையன் கைதானான். வண்டியின் உரிமையாளர் சில நாள் கண்ணில் படவில்லை. பிறகு முன்ஜாமீன் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அவருக்கு வீடு இருந்தது, கேட்டவுடன் கையெழுத்துப் போட ஆட்கள் இருந்தார்கள். கூலிக்கு வண்டி ஓட்டியவன் உள்ளே, வண்டிக்குச் சொந்தக்காரர் வெளியே. இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

பெட்டிகளைப் பற்றித் தனக்குத் தெரியாது என்று அவன் சொல்கிறான். தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருந்திருக்கலாம். அதை நீதிமன்றம் முடிவு செய்யட்டும். ஜாமீன் நிற்பவர் "இவன் குற்றம் செய்யவில்லை" என்று சத்தியம் செய்வதில்லை. கூப்பிட்ட தேதியில் இவன் நீதிமன்றத்துக்கு வருவான் என்று மட்டுமே பொறுப்பு ஏற்கிறார். இந்த வேறுபாடு தெரியாமல்தான் முக்கால்வாசிப் பேர் பயப்படுகிறார்கள்.

கைதான முதல் நாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசமைப்புச் சட்டத்தின் 22-ஆவது பிரிவு. பயண நேரம் அதில் சேராது. அந்த நேரத்தில் வீட்டார் நீதிமன்றத்தில் இருப்பது பெரிய துணை. உடம்பில் காயம் இருந்தால், மருந்து சாப்பிடுகிறவராக இருந்தால், நடுவரிடம் அங்கேயே சொல்லலாம். வக்கீல் வைக்க வசதியில்லை என்றும் அங்கேயே சொல்லலாம். காவலில் இருக்கும் எவருக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையை 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டம் தருகிறது. ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்குத் தொலைபேசியிலும் கேட்கலாம். பையனின் அம்மாவுக்கு இதை யாரும் சொல்லவில்லை. காதில் கிடந்த தோட்டை அடகு வைத்து, நீதிமன்ற வாசலில் தானாக வந்து பேசிய ஒருவரிடம் முதல் பணத்தைக் கொடுத்திருக்கிறார். அந்த ஆள் வக்கீலே இல்லை.

பிறகு மனு பார்க்கப் போனோம். சிறையில் இருப்பவரைச் சந்திப்பதற்கு எங்கள் பக்கம் அப்படித்தான் பெயர். திருப்பாதிரிப்புலியூரிலிருந்து மலைக்கு ஏறும்போது மண் சிவந்துகொண்டே வரும். மலை என்று பெயரே தவிர மேடுதான். வாசலில் விருத்தாசலத்திலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் முதல் பஸ் பிடித்து வந்த பெண்கள் காத்திருப்பார்கள். பெரும்பாலும் அம்மாக்கள். மனைவிகளும் உண்டு, இடுப்பில் குழந்தையோடு. ஆண்களைக் குறைவாகவே பார்த்தேன்.

ஆதார் அட்டை, கைதியின் பெயர், தகப்பனார் பெயர், எந்தக் காவல் நிலையத்து வழக்கு என்ற விவரம், இவை கையில் இருக்க வேண்டும். தொலைபேசியை உள்ளே கொண்டுபோக முடியாது. விசாரணைக் கைதி சொந்த உடை அணியலாம் என்பதால் இரண்டு கைலி, சட்டை, உள்ளாடை, துண்டு கொடுத்து அனுப்பலாம். சாப்பாட்டை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போய் வாசலில் ஏமாந்து நிற்கும் அம்மாக்கள் தினமும் உண்டு. எதை வாங்குவார்கள், எதை வாங்க மாட்டார்கள் என்று வரிசையில் நிற்கும் பழகிய பெண்களைக் கேட்டாலே தெரிந்துவிடும். கைதியின் கணக்கில் கொஞ்சம் பணம் கட்டினால் சிறைக் கேன்டீனில் அவனே வாங்கிக்கொள்வான். வெளியிலிருந்து தூக்கிச் சுமக்கும் பழப்பையைவிட இது உபயோகம்.

உள்ளே கிடைப்பது சில நிமிடங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவதால் எந்தக் குரல் யாருடையது என்று பிரித்துக்கொள்ளவே பாதி நேரம் போய்விடும். பையனின் அம்மா முதல் முறை அழுதே நேரத்தைத் தீர்த்தார். அவனும் அழுதான். அடுத்த முறை போகும்போது சொல்ல வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுத்தேன். வாய்தா என்றைக்கு, வக்கீல் பெயர் என்ன, தங்கை பள்ளிக்குப் போகிறாள், வாடகை கொடுத்தாயிற்று, அவனுடைய பைக்கைச் சித்தப்பா வீட்டில் நிறுத்தியிருக்கிறோம். உள்ளே இருப்பவனுக்கு இந்தச் செய்திகள்தான் வேண்டும். வீடு நடந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தால் அன்று இரவு தூங்குவான். வழக்கில் என்ன நடந்தது, யார் பெட்டியை ஏற்றினார்கள் என்ற பேச்சை அங்கே எடுக்கக் கூடாது. அதை வக்கீலிடம் தனியாகச் சொல்லட்டும்.

இன்னொன்று மிக முக்கியம். "அடுத்த வாரம் வந்துவிடுவாய்" என்று சொல்லாதீர்கள். அன்பினால்தான் சொல்கிறோம். ஆனால் அவன் அந்த வாரத்தை எண்ணத் தொடங்கிவிடுகிறான். அது பொய்த்துப்போனால் அதற்குப் பிறகு நாம் சொல்லும் எதையும் நம்ப மாட்டான். தெரிந்த தேதியை மட்டும் சொல்லுங்கள். வருவதாகச் சொன்ன நாளில் போய் நில்லுங்கள். அவன் என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு, "டீச்சர், நீங்கள் இங்கெல்லாம் வரலாமா?" என்றான். "உன்னைப் பார்க்க வேறு எங்கே வருவது?" என்று கேட்டேன். அதற்குப் பிறகுதான் நிமிர்ந்து பேசினான்.

தண்டனை பெற்றவர்களே சிறையை நிறைத்திருக்கிறார்கள் என்று பொதுவாக ஒரு நினைப்பு இருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டு இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேர் மீது குற்றம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை. குற்றப்பத்திரிகையை 60 நாட்களுக்குள், கடுமையான குற்றங்களில் 90 நாட்களுக்குள் தாக்கல் செய்யாவிட்டால் ஜாமீன் கேட்பது உரிமையாகிவிடுகிறது. பழைய குற்ற விசாரணை முறைச் சட்டத்திலும் இது இருந்தது, 2024 ஜூலை முதல் நடக்கும் புதிய சட்டத்திலும் இருக்கிறது. ஆனால் எந்த வழியில் ஜாமீன் கிடைத்தாலும் கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: கையெழுத்துப் போட ஆள் எங்கே?

எங்கள் பையனுக்கு வந்த உத்தரவில் இரு நபர் ஜாமீன், அதில் ஒருவர் ரத்த உறவு என்று இருந்தது. ரத்த உறவாக அம்மா நிற்கத் தயார். இரண்டாவது ஆளாக வருவதற்குத் தாய்மாமன் முன்வந்தார். பாகூரில் அவருக்குச் சொந்த வீடு உண்டு, வரி ரசீது உண்டு. ஆனால் பாகூர் புதுச்சேரி மாநிலம். உள்ளூர் ஆளாக இருந்தால் நல்லது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பாகூர் எங்களுக்கு வெளியூரா? பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் ஊர். காலையில் போய் மாலையில் திரும்பும் ஊர். பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் அன்றைக்கு வெட்டிப் பங்கு போட்ட கோடு, ஒரு தாய்மாமனின் கையெழுத்தை இன்றைக்குச் செல்லாததாக்குகிறது.

இந்தத் துன்பம் பழையது. 1978-இல் மோதிராம் என்ற கொத்தனாரின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. மத்தியப் பிரதேசத்தில் ஒரு நடுவர் அவருக்குப் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டிருந்தார். அவருடைய சகோதரர் ஜாமீன் நிற்க வந்தபோது, அவரும் அவர் சொத்தும் வேறு மாவட்டம் என்று சொல்லி ஏற்க மறுத்துவிட்டார்கள். நீதிபதி கிருஷ்ணய்யர் அந்தத் தீர்ப்பில் கோபமாகவே கேட்கிறார்: ஒரு தமிழரோ மலையாளியோ எங்கோ பஸ்தரிலும் போர்ட் பிளேரிலும் கைதானால் உள்ளூர் ஜாமீனுக்கு எங்கே போவார்? ஜாமீனுக்கு வேறு ஆள் கேட்காமல், ஆயிரம் ரூபாய்க்கு மோதிராமின் சொந்தப் பிணையிலேயே அவரை விடச் சொன்னது நீதிமன்றம். 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் இதே பிரச்சினைக்காக மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது. ஜாமீன் உத்தரவின் நகல் அன்றோ மறுநாளோ சிறைக்கு மின்னஞ்சலில் போய்க் கைதியிடம் சேர வேண்டும். ஏழு நாட்களில் அவர் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் பிணை கொடுக்க முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம். உள்ளூர் ஜாமீன் வேண்டும் என்ற நிபந்தனையை விதிக்காமல் இருக்கலாம் என்றும் அதில் சொல்லியிருக்கிறார்கள். சிறையில் உறவினர் இருக்கும் ஒவ்வொருவரும் இந்த நான்கையும் வக்கீலுக்கு நினைவூட்ட வேண்டும். கூச்சப்பட வேண்டாம். ஒரு நாளில் பத்து வழக்குகளைப் பார்க்கிறவருக்கு நம் பையன் பதினொன்றாவது.

நான் ஜாமீன் நிற்கிறேன் என்று சொன்னதும் நெய்வேலியிலிருந்து அண்ணன் தொலைபேசியில் அழைத்துவிட்டார். "வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு நாளைக்குத் தெருவில் நிற்பாயா?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஜாமீன் என்றால் வீடு போய்விடும் என்ற பயம் எங்கள் குடும்பங்களில் பால் குடிக்கும் வயதிலேயே ஊட்டப்படுவது. அவருக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன்.

ஜாமீன் நிற்பவர் வீட்டை யாருக்கும் எழுதிக் கொடுப்பதில்லை. உத்தரவில் குறித்திருக்கும் தொகைக்குப் பொறுப்பேற்று ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறார். அவருக்கு அந்த அளவு வசதி இருக்கிறது என்பதற்கு அடையாளமாகத்தான் வரி ரசீது கேட்கிறார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் வாய்தாவுக்கு வராமல் தலைமறைவாகிவிட்டால் நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பும். ஏன் அந்தத் தொகையை வசூலிக்கக் கூடாது என்று நாம் பதில் சொல்லலாம். தொகையில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. கட்டவும் இல்லை, வசூலிக்கவும் முடியவில்லை என்றால் சிவில் சிறையில் ஆறு மாதம் வரை வைக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. இதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆனால் ஆளின் போக்கு நமக்குச் சரியாகப் படவில்லை என்றால், ஜாமீனிலிருந்து என்னை விடுவியுங்கள் என்று எந்த நேரத்திலும் மனு கொடுக்கலாம். நீதிமன்றம் அவரை வரவழைத்து வேறு ஜாமீன் கேட்கும். ஆகவே முன்பின் தெரியாதவருக்கு ஜாமீன் நிற்கச் சொல்லவில்லை. தெரிந்த பையன், தெரிந்த குடும்பம், ஓடிப்போக இடமில்லாதவன், உத்தரவில் சில ஆயிரம் ரூபாய். இதற்கும் முடியாது என்றால் நாம் அக்கம்பக்கத்தாராக இருந்து என்ன பயன்?

நாம் ஒதுங்கினால் அந்த இடத்தில் வேறொருவர் வருகிறார். நீதிமன்றங்களைச் சுற்றிக் கூலிக்கு ஜாமீன் நிற்கும் ஆட்கள் உண்டு. இதற்கு முன் எத்தனை பேருக்கு ஜாமீன் நின்றீர்கள் என்று ஜாமீன்தாரர் உறுதிமொழி கொடுக்க வேண்டும் என்று சட்டம் கேட்பதே அவர்களால்தான். ஏழைக் குடும்பம் கடன் வாங்கி அவர்களுக்குக் கொடுக்கிறது. ஆவணம் போலியாக இருந்தால் அந்தச் சிக்கலும் பையன் தலையில் விழுகிறது.

எங்கள் வண்டிப்பாளையத்தை ஒட்டி ஒரு குப்பம் இருக்கிறது, கரையேறவிட்டகுப்பம் என்று. பல்லவ மன்னன் அப்பரைக் கல்லோடு கட்டிக் கடலில் போட, அவர் மிதந்து வந்து கரையேறிய இடம் என்பது ஐதிகம். அரசனுடைய கைதி அவர். நீற்றறையில் அடைத்து வைக்கப்பட்டவர். அரசன் பகையாக நினைத்த அந்த மனிதரைத் திருப்பாதிரிப்புலியூர் மக்கள் கூடி வரவேற்றார்கள் என்று புராணம் சொல்கிறது. தண்டனை பெற்று வந்தவர் என்று யாரும் கதவை மூடவில்லை. நாங்கள் அந்த ஊரின் ஆட்கள்.

பாரதியும் இந்த எல்லையில்தான் பிடிபட்டார். 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு வெளியே வந்தவரைக் கடலூர் அருகே கைது செய்து இங்கே சிறையில் வைத்தார்கள். டிசம்பர் 14-இல் விடுதலையானார். எங்கே வசிக்கலாம், எழுதுவதை யாரிடம் காட்ட வேண்டும் என்றெல்லாம் நிபந்தனைகள் இருந்தன. அவர் வெளியே வந்ததற்கு அன்னி பெசன்ட், சி. பி. ராமசாமி ஐயர், சுதேசமித்திரன் ரங்கசாமி ஐயங்கார் ஆகியோர் வெளியிலிருந்து எடுத்த முயற்சிகள் காரணம். மகாகவிக்கே வெளியில் நாலு பேர் தேவைப்பட்டிருக்கிறார்கள்.

மஞ்சக்குப்பத்தில் நீதிமன்றத்துக்குப் போன அன்று பூக்காரம்மா வெளுத்த புடவை கட்டிக்கொண்டு, ஆவணங்களை ஒரு மஞ்சள் பையில் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். நடுவர் என்னிடம் கேட்டது கொஞ்சம்தான். இவரை எப்படித் தெரியும்? வீடு யார் பெயரில் இருக்கிறது? இவர் வராவிட்டால் நீங்கள் பணம் கட்ட வேண்டும், தெரியுமா? தெரியும் என்றேன். கையெழுத்துப் போட்டேன். அவ்வளவுதான், நூலகத்தில் உறுப்பினராகச் சேர்வதைவிட அதிக நேரம் ஆகவில்லை. விடுதலை உத்தரவு மாலை அடைப்புக்கு முன் மலைக்குப் போய்ச் சேரவில்லை. மறுநாள் காலையில்தான் அவன் வந்தான். ஜாமீன் கிடைத்த நாளுக்கும் இதற்கும் இடையில் போன நாட்களை அவனுக்கு யார் திருப்பித் தருவது?

வெளியே வந்ததோடு முடியவில்லை. தினமும் காலை பத்தரை மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று நிபந்தனை. பத்தரை மணிக்கு ஒருவன் காவல் நிலையத்தில் நின்றால் எந்த முதலாளி வேலை கொடுப்பார்? தினமும் பஸ் செலவு வேறு. நிபந்தனையைத் தளர்த்தக் கேட்டு மனு போட்ட பிறகுதான் வாரம் ஒரு நாள் என்று ஆனது. அதுவரை ஒரு மரக்கடைக்காரர் அவனைப் பிற்பகல் வேலைக்கு வைத்துக்கொண்டார். காரணம் கேட்கவில்லை, கூலியையும் குறைக்கவில்லை. அவருக்கு நான் எப்போதும் கடமைப்பட்டிருக்கிறேன்.

வழக்கு இன்னும் நடக்கிறது. ஒரு வாய்தாவையும் அவன் தவறவிடவில்லை. மனு பார்க்கும் வரிசையில் பழக்கமான குறிஞ்சிப்பாடி அம்மா ஒருவர் போன வாரம் தொலைபேசியில் அழைத்தார். அவர் மகனுக்கும் ஜாமீன் கிடைத்திருக்கிறது, இரு நபர் ஜாமீன். ரத்த உறவுக்கு அவருடைய தம்பி இருக்கிறார், இன்னொருவர் இல்லை. அந்தப் பையனை நான் பார்த்ததே கிடையாது, ஆகவே நான் நிற்பது சரியாக வராது. அவர்கள் தெருவிலேயே ஓய்வு பெற்ற அஞ்சல்காரர் ஒருவர் இருக்கிறார், பையனைச் சிறு வயது முதல் அறிந்தவர், பயப்படுகிறார் என்றார். வெள்ளிக்கிழமை குறிஞ்சிப்பாடிக்குப் போய் அவரிடம் பேசப் போகிறேன். என் ஜாமீன் பத்திரத்தின் நகலையும் எடுத்து வைத்திருக்கிறேன். எதில் கையெழுத்துப் போடப் போகிறோம் என்று அவர் தன் கண்ணால் படித்துப் பார்க்கட்டும்.